பேர் போடும் புத்தகம்

மாலை நாலரை மணி. கொழுந்து மடுவத்துத் தராசின் கொக்கியில் சாக்கு தொங்குகிறது. கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்க்கிறார். மழை நாளென்றால் ஈரத்துக்கென்று கொஞ்சம் கழியும், சாக்குக்கென்று கொஞ்சம் கழியும். மிஞ்சிய எடை தோட்டம் விதித்த அளவைத் தொட்டால் கொழுந்து பறித்த பெண்ணுக்கு அன்றைக்குப் ‘பேர்’ உண்டு. அந்த அளவு சில தோட்டங்களில் 18 கிலோ, சில தோட்டங்களில் 20 கிலோ. அதைத் தொடாவிட்டால் ‘அரைப்பேர்’. விடிந்தும் விடியாமலும் பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டு, பிரட்டுக்களத்துக்கு ஓடி, நிரை பிடித்து, அட்டைக் கடியோடு நின்று பறித்த ஒரு பகல் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

மற்றத் தமிழ் ஊர்களில் பேர் என்ற சொல்லுக்கு இந்தப் பொருளைப் பொதுவாகக் கேட்க முடியாது. பேர் என்றால் ஒருவரை அழைக்கும் பெயர். பேர் என்றால் ஆள் எண்ணிக்கை. பேர் என்றால் புகழ். இலங்கை மலையகத்தின் அட்டனிலும் தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் பேர் என்றால் இவற்றோடு ஒருநாள் உழைப்பு, ஒருநாள் கூலி. “இந்த மாசம் எத்தனை பேர்?” என்று இரண்டு பெண்கள் பேசிக்கொண்டால் அது விருந்தாளிக் கணக்காக இருக்காது. செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே எத்தனை நாள் குறிக்கப்பட்டது என்பதே அந்தக் கேள்வி.

பலர் கூடி எழுதும் திறந்த புத்தகம் என்ற பொருளைப் பற்றிய இந்த உரை மடுவத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இந்தத் தொழிலாளர்களின் பெயர் நாள்தோறும் எழுதப்பட்ட புத்தகம் செக்ரோல்தான். எழுதியவர் வேறு, எழுதப்பட்டவர் வேறு. எழுதப்பட்டவருக்கு அந்தப் பக்கத்தைத் திருத்தும் உரிமை ஒருநாளும் இருந்ததில்லை.

செக்ரோலுக்கு முன்னும் பின்னும் வேறு தாள்கள் இருந்தன. தொழிலாளியின் கடனைக் குறித்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு அனுப்பிய ‘துண்டு’ அவற்றில் ஒன்று. அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபின் இன்னொரு வகைத் தாள் தேவைப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த சட்டம், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததற்குச் சான்று கேட்டது. வரிசைக் குடியிருப்பான லயத்துக் காம்பராவில் பிறந்து அதே காம்பராவில் மூத்தவர்களிடம், ‘நீ இங்கே இருந்தாய் என்பதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது?’ என்று கேட்டார்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கெடுத்தது. அதில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கப்பட்டனர். அத்தனை பேர். ஒரு பெயர்கூட அந்த ஒப்பந்தத்தில் இல்லை.

மற்றவர்கள் எழுதிய இந்தத் தாள்களுக்கு இடையே, மலையக மக்கள் தாங்களே ஒரு புத்தகத்தை எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். அது வாயால் எழுதிய புத்தகம். கங்காணியைக் கிண்டல் செய்த பாட்டு, கப்பலேறி வந்ததைச் சொன்ன பாட்டு, தாலாட்டு, கும்மி, ஒப்பாரி என்று மலைக்கு மலை அது வளர்ந்தது. ஒரு தோட்டத்துப் பெண் கட்டிய அடியை அடுத்த தோட்டத்துப் பெண் தன் கங்காணிக்குப் பொருந்தும்படி மாற்றிப் பாடினாள். மாற்றியது சரியாக இருந்தால் நின்றது, இல்லாவிட்டால் விரைவிலேயே மறைந்தது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. யாரும் அதற்கு உரிமை கொண்டாடவுமில்லை.

அந்தப் புத்தகத்தின் ஒரு பகுதியைத் தாளுக்குக் கொண்டுவந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர். 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து இலங்கையின் முதல் பாராளுமன்றத்துக்குச் சென்றவர். அடுத்த ஆண்டே தம் மக்களின் குடியுரிமை பறிபோவதை அந்தச் சபையில் உட்கார்ந்து பார்த்தவர். ஆங்கிலத்தில் கவிதையும் தமிழில் நாவலும் எழுதிய அவர், தோட்டத்துப் பாடல்களையும் தேடித் தொகுத்தார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல், அவர் மறைவதற்கு ஓராண்டு முன் நூலாக வந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்த சாரல்நாடன் ‘மலையக வாய்மொழி இலக்கியம்’ எழுதினார். இவர்கள் இல்லாவிட்டால் இன்று பேசுவதற்கே பாட்டு மிஞ்சியிருக்காது.

பாட்டு மிஞ்சியது. பாடியவர் பெயர் பெரும்பாலும் மிஞ்சவில்லை. நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் இல்லை என்று பாடநூல்கள் சொல்லும். ஆனால் ஒவ்வோர் அடியையும் ஏதோ ஒரு மாலையில் ஏதோ ஒரு பெண் முதன்முதலாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அது செக்ரோலில் இருந்தது, பாட்டின் அடியில் இல்லை.

காமன் கூத்துக் கொப்பியைப் பார்த்தவர்களுக்கு, பெயரில்லாத பல கைகள் ஒரு பாட்டை எழுதுவது இன்னும் நன்றாகப் புரியும். மாசி அமாவாசை கழிந்து காமன் பொட்டலில் கம்பம் ஊன்றினால், பௌர்ணமி வரை தோட்டம் இரவில் உறங்காது. தப்புச் சத்தத்தில் மதனும் ரதியும் கல்யாணம் முடிப்பார்கள். தூதன் ஓலை கொண்டுவருவான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார். ரதி புலம்புவாள். இத்தனைக்கும் பாட்டு இருப்பது வாத்தியாரின் கொப்பியில். பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் அதே கோடு போட்ட கொப்பிதான். பிரவுன் தாள் அட்டை, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. பாதிப் பக்கம் நீல மை, மீதி கறுப்பு, நடுவே பென்சிலில் ஒரு அடி. ஒரு இடத்தில் பழைய வரியை அடித்துவிட்டு மேலே வேறு கையெழுத்தில் புதிய வரி. ஓரத்தில் ‘இது எங்க தோட்டத்தில் பாடுறதில்லை’ என்பது போல ஒரு குறிப்பு. அடுப்புப் புகையில் தாள் மஞ்சளாகி, ஈரத்தில் ஓரம் உப்பிப்போகும்போது, மருமகனோ சீடனோ இன்னொரு கொப்பியில் பார்த்தெழுதுவான். எழுதும்போது தனக்குத் தெரிந்ததையும் சேர்ப்பான். பலர் கூடி எழுதிய புத்தகத்தை உலகம் கணினியில் கண்டுபிடிப்பதற்கு முன்பே டிக்கோயாவிலும் மஸ்கெலியாவிலும் அது தகரப் பெட்டிக்குள் இருந்தது.

ஆனால் அந்தக் கொப்பி ஒரே ஒரு பிரதி. லயத்தில் தீப்பிடித்தால் முதலில் போவது கூரைக்கடியில் வைத்த பெட்டிதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, உயிர்களோடு அந்த வீடுகளில் இருந்த ஒவ்வொரு தாளும் மண்ணுக்குள் போயிற்று. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து 97,000 நூல்கள் சாம்பலானதைத் தமிழர் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். லயத் தீயில் எரியும் ஒற்றைக் கொப்பிக்கு அப்படி ஒரு நினைவுநாள் இல்லை.

உலகில் மற்ற இடங்களிலும் பெரிய நூல்கள் பல கைகளால்தான் எழுந்தன. 1862இல் சென்னையில் அச்சான வின்சுலோ அகராதிக்கு, அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் நைட் பாதிரியார் தொடங்கிய சொல் சேகரிப்பு அடித்தளமாயிற்று. தமிழ்ப் பண்டிதர்கள் பொருள் சொல்லச் சொல்ல 67,000க்கும் மேற்பட்ட சொற்கள் சேர்ந்தன. நூலை உலகம் அழைப்பது ஒரே பெயரால். ஒக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காக 1879இல் ஜேம்ஸ் மர்ரே பொதுமக்களிடம் உதவி கேட்டு அறிக்கை வெளியிட்டார். வாசகர்கள் ஒரு சொல்லையும் அது வந்த வாக்கியத்தையும் துண்டுத் தாளில் எழுதி அனுப்பினார்கள். அந்தத் துண்டுகள் லட்சக்கணக்கில் குவிந்தன. முதற்பதிப்பு முழுமை பெற 1928 ஆயிற்று. அங்கே துண்டு ஒரு சொல்லைச் சுமந்துசென்றது. இங்கே அது ஒரு மனிதனின் கடனைச் சுமந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே காலத்தில் நடந்தவை.

இப்போது திறந்த நூல் என்று சொல்வது இதன் அடுத்த படி. நூலின் மூலப்பிரதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்கும். வாசிப்பவர் பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். பொறுப்பாளர்கள் பார்த்து ஏற்பார்கள், அல்லது காரணம் சொல்லி மறுப்பார்கள். யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்பது அழியாமல் பதிவாகும். கணினித் துறையில் ‘ப்ரோ கிட்’ என்ற நூல் இப்படித்தான் வளர்ந்தது. ஸ்கொட் சேக்கனும் பென் ஸ்ட்ரோபும் எழுதிய அதன் இரண்டாம் பதிப்பில், ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தியவரின் பெயரும் பங்களித்தோர் பட்டியலில் இருக்கிறது.

தமிழில் இந்தப் பாதையைப் போட்டவர்களில் பலர் ஊரை விட்டுத் தொலைவில் இருந்தவர்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைச் சுவிற்சர்லாந்தின் லோசானிலிருந்து முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். உலகின் பல மூலைகளில் இருந்தவர்கள் ஆளுக்குச் சில பக்கம் தட்டெழுதி, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினார்கள். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளைகுடாவில் கட்டடக் கலைஞராக வேலை பார்த்த இ. மயூரநாதன் அதே ஆண்டில் அதற்குள் வந்தார். பகல் வேலை முடிந்த இரவுகளில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளுக்கு அடி போட்டார். கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு அளித்தது. 2017இல் அந்தக் கலைக்களஞ்சியம் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. தமிழ்நாட்டில் 2012இல் கணியம் இதழும் 2013இல் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளமும் வந்தன. து. நித்யாவின் ‘எளிய தமிழில்’ கணினி நூல்கள், யாரும் பிரதியெடுக்கலாம், மாற்றலாம் என்ற உரிமத்தோடு வெளியாயின.

இலங்கைக்கு, குறிப்பாக மலையகத்துக்கு, மிக நெருக்கமானது 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம். ஈழத்துத் தமிழ் நூல்களைப் படியெடுத்து இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைக்கும் இந்த முயற்சி இளம் தன்னார்வலர்களின் கையால் எழுந்தது. நூல் சேகரிப்பையே வாழ்வாகக் கொண்ட இ. பத்மநாப ஐயர் போன்றவர்கள் தோள் கொடுத்தார்கள். இன்று அதில் நூல், இதழ், பத்திரிகை, பிரசுரம் என்று பல்லாயிரம் ஆவணங்கள் இருக்கின்றன. மலையகத்தின் சிற்றிதழ்களும் தோட்டத்துச் சிறுகதைத் தொகுதிகளும் அங்கே இடம்பிடித்திருக்கின்றன. ஒருவர் நூலைப் படியெடுக்கிறார். இன்னொருவர் அட்டையையும் ஆண்டையும் பதிகிறார். மூன்றாமவர் உள்ளடக்கத்தை, கதைத் தலைப்பும் பக்க எண்ணும் விடாமல், தட்டெழுதுகிறார். அந்த மூன்றாமவரின் வேலை பார்வைக்குச் சின்னது. ஆனால் ஒரு சிற்றிதழில் ஒரே ஒரு கதை எழுதி, பிறகு எழுதாமலே போன ஒரு தோட்டத்து இளைஞனின் பெயர், அவர் தட்டெழுதியதால்தான் தேடினால் கிடைக்கிறது.

இத்தகைய திட்டங்கள் பல கைக்கொள்ளும் உரிமம் கிரியேட்டிவ் கொமன்ஸ், தமிழில் படைப்பாக்கப் பொதுமங்கள். அதன் முதல் உரிமங்கள் 2002 டிசம்பரில் வந்தன. வகை பல இருந்தாலும் அவற்றின் முதல் நிபந்தனை ஒன்றே: எடுத்துப் பயன்படுத்து, ஆனால் ஆக்கியவர் பெயரைச் சொல். தோட்டத்து மொழியில் சொன்னால், பேர் போடு. அரைப்பேர் கிடையாது. விக்கிப்பீடியாவின் உரிமத்தில் இன்னொன்றும் உண்டு. எடுத்ததை வைத்து நீ புதிதாக ஒன்றைச் செய்தால் அதையும் இதே நிபந்தனையில் மற்றவருக்குத் திறந்துவிட வேண்டும். அடுத்த தோட்டத்துப் பாட்டை எடுத்த பெண் தன் பாட்டைப் பூட்டி வைக்கவில்லையே, அதே நியாயந்தான்.

எப்படிப் பங்களிப்பது என்பதைக் கிட்ட நின்று பார்த்தால் பயம் தெளியும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெறும் ஒரு பிள்ளை விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒரு ஃபோன். விக்கிப்பீடியாவில் மணல்தொட்டி என்று ஒரு பக்கம் உண்டு. எழுதிப் பழகுவதற்கு, அழிந்தாலும் கவலையில்லை. அதில் ‘அரைப்பேர்’ என்று தலைப்புப் போடுகிறாள். முதல் வரியிலேயே நிற்கிறாள். அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும் அம்மாயியைக் கேட்கிறாள்.

“அம்மாயி, அரைப்பேருன்னா பாதிச் சம்பளந்தானே?”

“பாதிச் சம்பளம் மட்டுமா புள்ள? ஒரு நாளே பாதியாப் போச்சுன்னு அர்த்தம். லீவு கணக்குக்கும் அது சேராது. எங்க காலத்துல மழைக்கு வேலைய நிப்பாட்டினாலும் அரைப்பேருதான்.”

“அது இப்பவும் உண்டா?”

“மேக்கணக்குல கேளு. இந்த டிவிசன்ல வேற, அந்த டிவிசன்ல வேற.”

அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது ஒரு சொல்லின் பொருள் மட்டுமா? எந்தத் தோட்டத்தில், எந்தக் காலத்தில், எந்தக் காரணத்துக்கு என்று மூன்று கேள்விகள் கிடைத்தன. அவள் நாலு வரி எழுதி, எந்தத் தோட்டத்து வழக்கு என்று குறிக்கிறாள். பிறகு பக்கத்தைக் கட்டுரையாக நகர்த்துகிறாள். தமிழ் விக்கியில் அதற்குக் குறுங்கட்டுரை என்று பெயர். மறுநாள் பதுளைப் பக்கத்திலிருந்து யாரோ ஒருவர், ‘எங்கள் தோட்டத்தில் எடை குறைந்தால் மட்டுமே அரைப்பேர்’ என்று ஒரு வரி சேர்க்கலாம். சென்னையில் ஒருவர் சந்திப்பிழையைத் திருத்தலாம். இன்னொருவர் ‘சான்று தேவை’ என்று ஒட்டிவிட்டுப் போகலாம். ‘வரலாற்றைக் காட்டவும்’ என்ற பொத்தானை அழுத்தினால் இத்தனையும் நேரத்தோடும் பேரோடும் வரிசையாக நிற்கும். முதல் பதிவில் அவள் பேர். அவள் புனைபெயர் வைத்திருந்தால் அந்தப் புனைபெயர். தோட்ட நிர்வாகத்தைப் பற்றி எழுதத் தயங்கும் பிள்ளைகளுக்கு அது ஒரு காப்பு.

‘சான்று தேவை’ என்ற அந்த ஒட்டுத்தான் மலையகத்துப் பங்களிப்பாளரை மிக வருத்துவது. 1949இல் பாட்டனிடம் கேட்ட அதே கேள்வியைப் பேத்தியிடம் ஒரு கலைக்களஞ்சியம் கேட்பது போல இருக்கும். அது கெட்ட எண்ணத்தில் எழுந்த விதியில்லை. யாரும் எதையும் எழுதலாம் என்ற இடத்தில் பொய்யைத் தடுக்க அச்சான ஆதாரம் ஒரு வேலி. ஆனால் அச்சுக்குள் வராமலே இருநூறு ஆண்டு வாழ்ந்த மக்களை அந்த வேலி வெளியே நிறுத்திவிடுகிறது. இந்தச் சிக்கலை இந்தியாவில் நேருக்கு நேர் எடுத்தவர் அச்சல் பிரபாலா. 2011இல் மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் வட சோத்தோ ஆகிய மொழி பேசும் ஊர்களுக்குச் சென்று, மக்கள் சொன்னதை ஒலியாகப் பதிந்து, அந்த ஒலிப்பதிவையே விக்கிப்பீடியாக் கட்டுரைக்குச் சான்றாகக் காட்டும் முயற்சியை அவரும் தோழர்களும் செய்தார்கள். விக்கிச் சமூகத்தில் அது பெரிய விவாதத்தைக் கிளப்பியது, எல்லோரும் ஏற்கவில்லை. ஆயினும் அம்மாயியின் குரல் சான்றாகலாம் என்ற வாதம் அன்றிலிருந்து மேசைமேல் இருக்கிறது.

அந்த வாதம் வெல்லும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. நூலகத்தில் படியெடுத்து வைத்த ஒரு பழைய சிறுகதையில் அரைப்பேர் வந்தால் அது அச்சான சான்று. தெளிவத்தை ஜோசப்பின் கதைகளிலும் மலையக நாவல்களிலும் தோட்டத்துச் சொல் ஆயிரம் கிடக்கிறது. லைன் என்ற ஆங்கிலம் லயமாகி, பரேட் பிரட்டாகி, கொன்ட்ராக்ட் கொந்தரப்பாகி, போர்த்துக்கேயரின் கமரா காம்பராவாகிப் போன கதை அந்தப் பக்கங்களுக்குள்ளேயே இருக்கிறது. ஒருவர் கதையைப் படியெடுக்க, ஒருவர் அதிலிருந்து சொல்லைப் பொறுக்க, ஒருவர் விக்சனரியில் பதிய, ஒருவர் அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்லி ஒலிக்கோப்பாக ஏற்ற, ஒரு சொல் நாலு கையால் நிலைக்கிறது.

திறந்து வைப்பது என்றால் எதையும் எடுத்துப் போடுவது என்று நினைத்துவிடக் கூடாது. இதைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி இலங்கையில் ஓர் எழுத்தாளரின் உரிமை அவர் ஆயுளுக்கும் அதன்பின் 70 ஆண்டுக்கும் நிற்கும். அட்டனில் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று தொழிற்சங்கம் கண்ட கோ. நடேசய்யர் 1947இல் மறைந்தார். அவர் எழுதியவற்றை இன்று யாரும் பதிப்பிக்கலாம். 1984இல் மறைந்த வேலுப்பிள்ளையின் எழுத்துக்கு 2054 வரை குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும். கேட்டு, கடிதம் வாங்கி, அந்தக் கடிதத்தையும் பத்திரப்படுத்துவதுதான் முறை. நூலகம் திட்டம் எழுத்தாளர்களின் அனுமதியைத் தேடிச் சென்று பெற்றே வளர்ந்தது.

சட்டம் தொடாத இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு தாய் தன் இறந்த மகனுக்குப் பாடிய ஒப்பாரி நாட்டார் பாடல் என்ற தலைப்பின் கீழ் வந்துவிடும். ஆனால் அவள் அதைப் பாடியது ஒரு சாவு வீட்டில், பதிவுக் கருவிக்காக அல்ல. அவளிடம் கேட்க வேண்டும். ‘இது ஃபோனில் எல்லோருக்கும் கேட்கும், அழிக்க முடியாது’ என்று அவளுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். சரி என்றால், அவள் விரும்பும் வகையில் அவள் பேரைப் போட வேண்டும்.

சண்டையும் வரும். இந்த மக்களின் பெயரே ஒரு சண்டை. அரசாங்கப் புள்ளிவிபரங்கள் நெடுங்காலம் இவர்களை இந்தியத் தமிழர் என்றே எழுதின. இந்திய வம்சாவளித் தமிழர் என்பாரும் உண்டு. மலையகத் தமிழர் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் தலைமுறை, 2023இல் வருகையின் 200 ஆண்டை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை, முன்னோர் வந்த அதே வழியில் நடந்தது. கோப்பிக் காலத்தில் அந்தக் காட்டுப் பாதையில் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் கிடையாது. ஒரு கட்டுரைக்கு எந்தப் பெயரைத் தலைப்பாக வைப்பது என்று நாலு பேர் எழுத்தில் வாதாடுவது வீண் வேலையில்லை. ஒரு சமூகம் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளும் வேலை அது. அந்த வாதம் முழுவதும் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் அழியாமல் கிடக்கும். ஐம்பது ஆண்டு கழித்து வரும் ஆராய்ச்சியாளருக்குக் கட்டுரையைவிட அந்தப் பக்கம் பெறுமதியாக இருக்கக்கூடும்.

தோட்டங்களின் பெயரும் அப்படித்தான். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த துரைமார் தங்கள் நாட்டு இடங்களின் பெயரை இங்கே கொண்டுவந்து நட்டார்கள். பூண்டுலோயாவில் டன்சினன், தலவாக்கலையில் ஹொலிரூட், நானுஓயாவில் எடின்பரோ. பலகையில் அது. மக்கள் வாயில் தோட்டத்துக்கு வேறு பெயர் இருந்தது. முதல் கங்காணியின் பெயராலோ, காட்டை வெட்டிய துரையின் உருவத்தாலோ, ஒரு மரத்தாலோ, ஒரு கல்லாலோ வந்த பெயர். டிவிசனுக்கும் மலைக்கும் லயத்துக்கும்கூடத் தனித்தனிப் பெயர் உண்டு. மேட்டு லயம், பணிய லயம் என்பவை எல்லாத் தோட்டத்திலும் உண்டு. மற்றவை அந்தந்தத் தோட்டத்து மூத்தவர்களோடு மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருக்கின்றன. லயங்களை இடித்துத் தனி வீடுகள் கட்டுகிறார்கள். அது நெடுநாள் கேட்டுப் பெற்ற நல்ல காரியம். லயம் போகும்போது அதன் பெயரை மட்டுமாவது தாளில் இறக்கிக்கொள்ள வேண்டும்.

அதற்காக இந்த மண்டபத்தின் வாசலில் ஒரு மேசையும் ஒரு கொப்பியும் வைக்கப்பட்டிருக்கின்றன. 160 பக்கம், கோடு போட்டது. நாலு பத்தி அடித்திருக்கிறது: பலகையில் உள்ள பெயர், வாயில் உள்ள பெயர், அந்தப் பெயர் வந்த கதை, சொன்னவர் பேர். கதை தெரியாவிட்டால் மூன்றாவது பத்தியை வெறுமையாக விடலாம், தெரிந்த இன்னொருவர் நிரப்புவார். பெயரைப் பற்றி இரண்டு கதை இருந்தால் இரண்டையும் எழுதலாம், ஒன்றை அடிக்க வேண்டாம். நிரம்பிய பக்கங்களைப் படமெடுத்துத் தட்டெழுதி ஏற்றுவதற்குப் பிள்ளைகள் சிலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஏற்றும்போது நாலாவது பத்தியும் சேர்ந்தே போகும். பேனா கயிற்றில் கட்டியிருக்கிறது. மேசை வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, மூக்குக்கண்ணாடி கொண்டுவராதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி எழுதுவிக்கலாம். எழுதியவர் பேரையும் அடியில் போட்டுவிடுங்கள்.